மீன்தொட்டிக் குழாயில் தண்ணி லாரி

பொன்பாண்டி அண்ணாச்சியிடம் பன்னிரண்டு தண்ணி லாரி ஓடுகிறது. அதனால் கோவில்பட்டியில் அவருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று கிடையாது. புதுக் காரின் டிக்கியில் பெரிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கார் கடையில் வயரிங் பார்க்கும் எஸ்தரிடம் வந்தார்.

"பேஸ் அடிச்சா தெருவே அதிரணும். ஆனா வயர் மெல்லிசாத்தான் இருக்கணும். தடியாப் போட்டா காருக்குள்ள விரிச்ச மேட்டுக்கடியில துருத்திக்கிட்டு அசிங்கமாத் தெரியும். சத்தம் குறைஞ்சாலோ வயர் சூடானாலோ உன்னை இந்தக் கடையில இருக்க விடமாட்டேன்."

"பேட்டரி முன்னாடி இருக்கு, ஆம்ப்ளிஃபையர் பின்னாடி இருக்கு. அவ்வளவு தூரத்துக்கு..." என்று இழுத்தாள் எஸ்தர்.

"எனக்கே பாடம் நடத்துறியா?"

கடை முதலாளி கண்ணாலேயே கெஞ்சினார். எஸ்தர் தலையாட்டினாள்.

"போட்டுடறேன் அண்ணாச்சி. ஒரே ஒரு உதவி. இன்னைக்கு எங்க தெருவுக்கு உங்க லாரி வருது. மாடித் தொட்டிக்கு இந்தக் குழாயிலயே தண்ணி ஏத்தச் சொல்லுங்க. உங்க லாரியோட தடி ஓஸ் வாசலை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு, பார்க்க நல்லா இல்லை." கடையில் கிடந்த, மீன்தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாயை நீட்டினாள்.

அண்ணாச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கூறு இருக்கா உனக்கு? இதுல மோட்டார் போட்டா குழாய் வெடிச்சிரும், மேல சொட்டுத் தண்ணி போகாது! தூரம் கூடக் கூட ஓஸும் தடியாத்தான் இருக்கணும். சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

எஸ்தர் சுண்டுவிரல் தடிமனுள்ள வயர்ச் சுருளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கடையில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள்.

"ஆனா... வெளிய தெரியுமேம்மா" என்றார் அண்ணாச்சி, இறங்கிய குரலில்.

"உங்க ஓஸும்தான் தெரு முழுக்கத் தெரியுது அண்ணாச்சி. அதுக்காகத் தண்ணி வேண்டாம்னு யாராவது சொன்னாங்களா?"