சவுக்குத் தோப்பு வளைவில் மஞ்சள் கொடி

பைக் பந்தயத்தில் ஒருவன் செத்துப்போனால் அடுத்த பந்தயம் நிற்பதில்லை. கிளம்பும் கோட்டில் அவனுடைய இடத்தைக் காலியாக விடுவார்கள். மற்றவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தலைகுனிந்து நிற்பார்கள். அப்புறம் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ரோஷனுக்கும் அப்படித்தான் செய்தார்கள். குணாளன் மட்டும் அன்றைக்கு வரவில்லை. ரோஷன் மேல் ஏறியது அவன் வண்டி.

ரோஷன் விழுந்தது தானாகத்தான். சவுக்குத் தோப்பு வளைவில் பின்சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு பக்கம் போக, அவன் தார்மேல் கிடந்தான். எழுந்திருக்க ஒரு கையை ஊன்றினான் என்கிறார்கள். அப்போதுதான் குணாளன் வந்தான்.

முன்னால் யாராவது விழுந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு மஞ்சள் கொடி காட்டுவார்கள். விசாரணைக்கு உட்கார்ந்தவர்கள் குணாளனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்.

"மஞ்சள் கொடி தெரிஞ்சுதா?"

"தெரியல சார். மேற்கு வெயில் நேரா கண்ணுல அடிச்சுது. காட்டியிருந்தா குறைச்சிருப்பேன்."

பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். அந்த வளைவில் கேமரா கிடையாது. கொடி தாமதமாகத்தான் தூக்கப்பட்டது என்று முடிவு செய்து, கொடி பிடித்த தவமணியை இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். தவமணி ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளர். பந்தயத்தின் மேல் இருந்த ஆசையில், ஒரு தொப்பிக்கும் ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்கும் வருஷக்கணக்காக வெயிலில் நின்றவர்.

குணாளன் மொட்டை போட்டுக்கொண்டான். கறி மீனை விட்டான். ரோஷனின் வண்டி எண்ணைத் தன் கையில் பச்சை குத்திக்கொண்டான். இனி வண்டியைத் தொடுவதில்லை என்று எல்லோரிடமும் சொன்னான். பார்த்தவர்கள் இரக்கப்பட்டார்கள். நானும்தான் இரக்கப்பட்டேன். அவன் நடிக்கவில்லை, உண்மையாகவே உருக்குலைந்து போயிருந்தான்.

கடைசியில் அவன் ஃபிலோமினாவைத் தேடிப் போனான். இருவருக்கும் ஒரே வயது. ஆனாலும் அவனுக்குப் பந்தயம் கற்றுக்கொடுத்தவள் அவள். அங்கே பெண்ணாக இருந்தாலும் கற்றுக்கொடுத்தால் மாஸ்டர்தான்.

அவள் பட்டறையில் ஒரு சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், தூங்க முடியல. சாப்பாடு இறங்கல. ரோஷனுக்கு நான் என்ன செஞ்சா இது தீரும்?"

அவள் நிமிர்ந்து அவன் மொட்டையைப் பார்த்தாள். கையில் இருந்த பச்சையைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை டிராக் காலியா இருக்கும். சாயங்காலம் வா. ரேஸ் உடுப்போட வா."

"நான்தான் வண்டியைத் தொடறதில்லைன்னு..."

"பதில் வேணுமா, வேண்டாமா?"

அவன் போனான்.

ஞாயிறு சாயங்காலம் வெயில் நன்றாகச் சாய்ந்திருந்தது. அவள் தன் வண்டியையே அவனுக்குக் கொடுத்தாள்.

"ஓட்டு. சவுக்குத் தோப்புக்கிட்ட கொடி தெரிஞ்சா நிறுத்து. தெரியலேன்னா போயிட்டே இரு."

"யாரு காட்டறது?"

"ஆள் இருக்கு."

முதல் சுற்றில் வளைவு வெறுமையாக இருந்தது. அடுத்த சுற்றில் உடம்புக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. வளைவுகளில் முழங்கால் தானாக வெளியே சரிந்தது. அது அவனுக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் வேகம் கூடிக்கொண்டே போனது.

அதற்கடுத்த சுற்றில், டிராக்குக்கு மேலே இருந்த நடைபாலத்தின் அடியில் போகும்போது, தூரத்தில் வளைவின் ஓரத்தில் மஞ்சளாக ஒன்று அசைந்தது. வெயில் நேராகக் கண்ணில்தான் அடித்தது. அவன் பிரேக்கை அழுத்தினான். வண்டி வளைவுக்கு வெகுமுன்பே நின்றுவிட்டது.

ஓரமாக நின்றிருந்த ஃபிலோமினா நடந்து வந்தாள்.

"எங்கே பார்த்தே?"

"பாலத்துக்கிட்ட."

"வெயில் அடிக்கலையா?"

"அடிச்சுது."

"அன்னைக்கு?"

அவன் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கவில்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவளே சாவியைத் திருப்பி அணைத்தாள்.

மஞ்சள் கொடியைப் பார்த்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், முன்னால் போகிறவனை முந்தக் கூடாது. இது விதி. ஓட்டுகிறவர்களின் வழக்கம் வேறு. கொடியைத் தாண்டும்போது ஆக்சிலேட்டர் பிடித்த மணிக்கட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு உடனே முறுக்கிவிடுவார்கள். எஞ்சின் சத்தம் லேசாக இறங்கி ஏறும். கேட்கிறவர்களுக்கு அது போதும். நிஜமாகக் குறைக்கிறவனை எல்லோரும் முந்திவிடுவார்கள் என்பதால் ஒருவனும் நிஜமாகக் குறைப்பதில்லை. இது அங்கே எல்லோருக்கும் தெரியும். விசாரணையில் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

"பார்த்தேன் மாஸ்டர்" என்றான் குணாளன். "பாலத்துக்கிட்டயே பார்த்தேன். விக்கி பின்னாடி ஒட்டிக்கிட்டே வந்தான். குறைச்சா உள்ளே பூந்துடுவான். கையைக் கொஞ்சம் தளர்த்தினேன். எப்பவும் செய்யறதுதான்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"கொடிக்கு எவ்வளவு தளர்த்தினா போதும்னு உனக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு?"

அவன் கையுறையை உருவினான்.

"நான்தானே" என்றாள் அவள். "விசாரணைக்கு என்னைக் கூப்பிடல. நானா போயிருக்கணும். போகல."

சவுக்குத் தோப்பில் காற்று இரைந்துகொண்டிருந்தது. தார்ச்சாலையில் ரோஷனின் வண்டி தேய்த்துக்கொண்டு போன கோடு இன்னும் அழியாமல் இருந்தது. குணாளன் அந்தப் பக்கம் பார்க்காமல் கேட்டான்.

"ரோஷனுக்கு நான் இனி என்ன செய்யட்டும்?"

"ரோஷனுக்கா? ஒண்ணும் இல்ல. அவனுக்குச் செய்யறதைத்தான் அன்னைக்கே செஞ்சு முடிச்சிட்டியே."

அப்போது வளைவில் இருந்து கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியபடி ஒருவர் வந்தார். தொப்பியைக் கழற்றிய பிறகுதான் அது தவமணி என்று குணாளனுக்குத் தெரிந்தது. ஆள் பாதியாகியிருந்தார்.

"மேடம் வரச் சொன்னாங்க தம்பி. அன்னைக்குக் காட்டின மாதிரியே காட்டச் சொன்னாங்க" என்றார். "தெரிஞ்சுதா?"

குணாளன் தலையசைத்தான்.

"இன்னிக்கு சீக்கிரமே தூக்கிட்டேன்னு நினைக்கிறேன். அன்னைக்கு எப்ப தூக்கினேன்னு எனக்கே இப்ப சரியா பிடிபடல. முதல்ல நல்லா ஞாபகம் இருந்துச்சு. புள்ள விழுந்தான், நான் தூக்கிட்டேன், அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். லேட்டு லேட்டுன்னு அவங்க சொல்லச் சொல்ல, எனக்கும் லேட்டாத்தான் தோணுது. பதறிப்போய் நின்னுட்டேனோ என்னவோ. வீட்ல துண்டை வச்சு வீசிப் பார்ப்பேன். சம்சாரம் துண்டையெல்லாம் எடுத்து ஒளிச்சு வச்சிட்டா."

அவர் சிரிக்க முயன்றார்.

"துணைக்கு நிக்கிற பையன் அன்னைக்கு வரல. வந்திருந்தா அவனையாவது கேட்கலாம்."

குணாளன் ஹெல்மெட்டைக் கழற்றினான். மொட்டைத் தலையில் வியர்வை வழிந்தது. தவமணி அதைப் பார்த்துக் கண்கலங்கினார். தன்னால் இந்தப் பிள்ளையும் இப்படி ஆகிவிட்டானே என்று நினைத்திருக்க வேண்டும்.

"போன வாரம் ரோஷனோட அம்மாவைப் போய்ப் பார்த்தேன்" என்றார். "கால்ல விழுந்தேன் தம்பி. என் கை கொஞ்சம் முந்தித் தூக்கியிருந்தா உங்க புள்ள இருந்திருப்பான், என்னை மன்னிச்சிடுங்கம்மான்னு சொன்னேன். அவங்க எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க."

தவமணி கொடியை எடுத்து, பிரித்து, மறுபடி சுருட்டினார்.

"ஓட்டிட்டு வந்தது நீங்கதானே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். என்னைப் பத்தி யோசிக்காதீங்க, உள்ளதைச் சொல்லுங்க. அன்னைக்கு என் கொடி இருந்துச்சா, இல்லையா?"

குணாளன் ஃபிலோமினா பக்கம் திரும்பினான்.

"நான் என்ன சொல்லட்டும் மாஸ்டர்?"

"கேட்டது நான் இல்ல, குணா."