கொன்றைத்துறையின் ஒற்றைப் படகு

வாய் பெருத்தவன் சபையை ஜெயிப்பான் என்பார்கள். கொன்றைத்துறையில் மட்டும் அந்தப் பருப்பு வேகாது. அந்த ஊர்ச் சபையில் ஒருவர் சொன்னதை மறுக்க வேண்டுமானால், முதலில் சபைக்கோலைக் கையில் வாங்கி, அவருடைய நியாயத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் "ஆம், அதுவே என் சொல்" என்ற பிறகுதான் தன் பக்கத்தைப் பேசலாம். நாலு தலைமுறையாக வந்த வழக்கம். சொல்வது சுலபம், கோபம் தலைக்கேறி நிற்கும்போது செய்து பாருங்கள், தெரியும்.

அந்த ஊரை ஆண்டவர் மழவராயர். மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய ஒரே மகன் வெள்ளத்தில் படகு கவிழ்ந்து இறந்துபோனான். படகை ஓட்டிய மாசிலானும் கூடவே போய்விட்டான். மாசிலானின் மனைவிதான் சேந்தி. அன்றிலிருந்து ஊர் அவளைக் கண்டால், ராயர் வீட்டு விளக்கை அணைத்தவன் பெண்டாட்டி என்று முணுமுணுக்கும். அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. கவிழ்ந்த படகைக் கரையேற்றிச் சீர் செய்து, புருஷனின் துறையில் தானே ஓட்டத் தொடங்கினாள்.

நடந்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். ராயரைத் தவிர அன்று கரையில் நின்றவள் அவள் ஒருத்திதான். சுழி போடுகிறது, இன்றைக்கு வேண்டாம் என்று மாசிலான் கையெடுத்துக் கும்பிட்டான். அக்கரையில் பெண் வீட்டார் காத்திருக்கிறார்கள், நல்ல நேரம் தவறக்கூடாது என்று அதட்டி, மகனைப் படகில் ஏற்றியவர் ராயர்தான். அவரையும் அவளையும் தவிர இது வேறு ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

இந்த வருஷம் ஆடியில் புது வெள்ளம் வந்ததும் ராயர் சபையைக் கூட்டினார். இனி ஆற்றில் படகு ஓடக்கூடாது. கோடையில் தண்ணீர் வற்றியதும் நடந்து கடந்தால் போதும். துறையில் இருக்கும் மூன்று படகுகளையும் உடைத்துவிட வேண்டும் என்றார். அக்கரையில் நாற்பது குடும்பங்கள். மருத்துவச்சி இருப்பதோ இக்கரையில். போன வெள்ளத்தில் பிரசவ வலியெடுத்த இரண்டு பெண்களை அவள்தான் படகில் கொண்டுவந்து சேர்த்தாள்.

படகுக்காரர்கள் மூவரையும் பேசச் சொன்னார்கள். முதலில் வந்தவன் குப்பாண்டி. வரும் வழியெல்லாம் ராயரை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டியவன், உள்ளே நுழைந்ததும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். தங்கள் வாக்குக்கு மறுவாக்கு உண்டா என்றான். கோலைத் தொடவே இல்லை. துடுப்பை அவர் காலடியில் வைத்துவிட்டு ஒதுங்கினான்.

அடுத்து மாயழகு. கோலை வெடுக்கென்று வாங்கித் தரையில் தட்டினான். எதிர்ப்பக்கம் நியாயமே இல்லை, பிறகு எதை எடுத்துச் சொல்வது என்று கேட்டான். படகு நின்றால் அக்கரை சாகும் என்றான். அது உண்மைதான். தண்ணீருக்குப் பயந்தவருக்கு ஆற்றங்கரையை ஆள என்ன யோக்கியதை என்றும் கேட்டான். பேசி முடிக்கும்வரை கூட்டத்தைப் பார்த்தானே ஒழிய, பிள்ளையைப் பறிகொடுத்தவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

கடைசியாகச் சேந்தி கோலை வாங்கினாள். கோபம் அவளுக்கும் இருந்தது. ராயரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ராயரே, உங்கள் பக்கத்தைச் சொல்கிறேன். வெறும் கையோடு ஆற்றங்கரையில் நிற்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் இன்னொரு தகப்பன் அப்படி நிற்கக்கூடாது. ஊரே உங்களைத் தூற்றினாலும் சரி, ஒரு பிள்ளை மிஞ்சினால் போதும் என்கிறீர்கள்."

"ஆம், அதுவே என் சொல்" என்றார் ராயர்.

"இனி என் பக்கம். ஆற்றில் போகும் உயிர் ஊர் கண்ணில் படும். அக்கரைக் குடிசையில் வலியெடுத்துச் சாகிறவள் யார் கண்ணிலும் பட மாட்டாள். நான் படகு ஓட்டுவேன். உடைத்தால் வேறொன்று செய்வேன். சுழி போடும் நாளில் மட்டும், யார் வந்து சொன்னாலும் துடுப்பைத் தொட மாட்டேன்."

கூட்டத்தில் ஒருவன், அப்படியானால் அன்றைக்கு உன் புருஷன் மட்டும் ஏன் தொட்டான் என்று கேட்டான். ராயர் தலை கவிழ்ந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்; வழக்கும் ஜெயிக்கும், மாசிலான் மேல் விழுந்த பழியும் போகும்.

"என் புருஷன் மேல் தப்பில்லை. அதற்குமேல் பேச வேண்டியவர் என் வாசலுக்கு வரட்டும். சபை நடுவே ஒருவரைக் குனியவைத்து எனக்கு ஜெயிக்க வேண்டாம்" என்றாள்.

ராயர் தலை நிமிர்ந்தார். ஒரு படகு மட்டும் ஓடலாம், இன்று எனக்கு மரியாதை செய்தவர் எவரோ அவருக்கே அது என்றார். குப்பாண்டி பாய்ந்து வந்தான். காலில் விழுந்தவனைவிட மரியாதை செய்தவன் யார் என்றான். மாயழகு விடவில்லை. மனதில் பட்டதை ஒளிக்காமல் முகத்துக்கு நேரே சொன்னேன், மனிதனுக்கு மனிதன் செய்யும் மரியாதை அதுதான் என்றான். சேந்தி கோலை அதன் இடத்தில் வைத்தாள். என் படகு என்னுடையது, அதை நான் பரிசாக வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் துறைக்கு நடந்தாள்.

கேட்டவர்களே, அவசரப்படாமல் சொல்லுங்கள். குப்பாண்டி ஒரு சொல் எதிர்க்கவில்லை. மாயழகு ஒன்றையும் ஒளிக்கவில்லை. சேந்தியோ ஆணைக்கும் அடங்கவில்லை, தெரிந்ததை முழுக்கச் சொல்லவும் இல்லை. அப்படியானால் ராயருக்கு மரியாதை செய்தவர் யார்? அந்த ஒற்றைப் படகு யாரைச் சேரும்?

விடை: சேந்தியைச் சேரும். குப்பாண்டி கும்பிட்டது ஆசனத்தை; அதில் மாயழகை உட்காரவைத்தாலும் அவன் விழுவான். மாயழகு ஒளிக்கவில்லை என்பது சரி, ஆனால் அவன் பேச்சில் ராயர் என்றொரு மனிதரே இல்லை. சேந்தி அவருடைய வலியை அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ளும்படி சொன்னாள், தன் சொல்லிலிருந்தும் இம்மி இறங்கவில்லை. மறுநாள் காலை ராயர் அவள் வாசலுக்குப் போனார். அன்று உச்சிப்பொழுதில் சபையைக் கூட்டி, மகனைப் படகில் ஏற்றியது யார் என்று தாமே ஊருக்குச் சொன்னார். பிறகு கோலை வாங்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். அக்கரை உயிரும் உயிர்தான், படகு ஓடட்டும், ஓடக்கூடாத நாள் எதுவென்று துடுப்புப் பிடிப்பவரே சொல்லட்டும் என்று அவளுடைய நியாயத்தை எடுத்துச் சொல்லிவிட்டு, பதிலுக்காக நின்றார்.

"ஆம், அதுவே என் சொல்" என்றாள் சேந்தி.