தகர டின்னும் ஓடைக்கரை ரேடியோவும்

மாசிலாமணிக்கு வயது அறுபது. அவருக்கு ரேடியோ வேலை கற்றுக்கொடுத்த ரெபேக்காளுக்கு முப்பது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் அவளை டீச்சர் என்றார்கள். அவரும் அப்படியே அழைத்தார்.

மேசைமேல் இரண்டு ரேடியோ மாட்யூல்கள் இருந்தன. தீப்பெட்டி அளவுகூட இல்லை. இரண்டும் மலிவு; ஒன்று செய்தியை வேகமாக அனுப்பும், மற்றது மெதுவாக. ஓடையில் நீர் ஏறினால் லயத்து மணி தானாக அடிக்க வேண்டும். அதற்கு ஓடையின் ஒவ்வொரு வளைவிலும் ஒன்று வைத்தாக வேண்டும். லயத்தார் மலிவானதைத்தான் வாங்க முடியும். ஓடைக்கு மிக அருகில் இருப்பது மாசிலாமணியின் மகள் வீடு.

"எதை வாங்கலாம், டீச்சர்?"

"மழையைக் கேளுங்க, மாமா."

அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஓடைக்கரை வழியே பனிமூட்டத்துக்குள் ஏறினார். அவள் மணியின் அருகே அமர்ந்திருந்தாள். மணி அடிக்கவில்லை. அவர் நனைந்து திரும்பினார்.

"வேகமாப் பேசுறது ஈரச் செடியைத் தாண்டல. மெதுவாப் பேசுறது வாயே திறக்கல. மலிவு மலிவுதான். மேனேஜர் துரை ஓசியில பெரிய கருவியாத் தர்றேங்கிறார். சரின்னு சொல்லிடுவோம்."

"மெதுவாப் பேசுறதை எதுல வச்சீங்க?"

அவர் காட்டினார். மழை படக்கூடாது என்று பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, மூடியை மெழுகால் அடைத்திருந்தார். ஏரியலும் உள்ளேயே இருந்தது.

ரெபேக்காள் சிரித்தாள். "தகரத்துக்குள்ள இருந்து எது பேசும்? நல்லாத்தான் காப்பாத்தியிருக்கீங்க."

தன் பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்து அதில் வைத்துக் கொடுத்தாள். அவர் மறுபடி ஏறினார். சற்று நேரத்தில், ஆளில்லாமலே மணி அடித்தது. லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

மாசிலாமணி இறங்கி வருவதற்குள் துரையின் ஜீப்பும் வந்து நின்றது. தோட்டத்து மேனேஜரை அங்கே துரை என்றுதான் சொல்வார்கள். மாசிலாமணி கொண்டுவந்த டப்பாவைத் துரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தயிர்சாத வாசம் வருது."

"எலுமிச்சை, துரை," என்றாள் ரெபேக்காள்.

"நாங்க தர்றது வெள்ளத்தைப் படமாவே காட்டும். ஆபீஸ்ல பார்த்துட்டு, தேவைப்பட்டா நாங்களே சங்கு ஊதுவோம். ஒரு நிபந்தனை. தோட்டத்துக்குள்ள வேற எதுவும் இருக்கக் கூடாது."

மாசிலாமணி மெல்லக் கேட்டார். "போன மழைக்கு, தண்ணி ஏறுதுன்னு மேல் டிவிஷன்ல இருந்து ஆபீசுக்குப் போன் வந்துச்சே, துரை?"

"வந்தது. மேலிடத்து அனுமதிக்காகக் காத்திருந்தோம். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

அந்த மழையில்தான் மாசிலாமணியின் மனைவியை ஓடை கொண்டுபோனது. இப்போதும் மழை கூரையில் பேசிக்கொண்டிருந்தது.

துரையின் குரல் தணிந்தது. "கோபத்துல வேண்டாம்னு சொல்லாதீங்க. இது வினாடிக்கு நாலு எழுத்து அனுப்புமா? இதை வச்சு என்ன சொல்லிட முடியும்?"

மாசிலாமணி தன் ஆசிரியையைப் பார்த்தார். அவள் டப்பாவைத் துரையின் கையிலிருந்து வாங்கி அவரிடம் கொடுத்தாள்.

"ஓடுங்கன்னு சொல்ல இது போதும், துரை. யாரைக் கேட்டு ஓடணும்னு சொல்லத்தான் உங்களோடது வேணும்," என்றார் மாசிலாமணி.