சடைச்சி பிடித்த மோப்பம்

குடிக்கிறவன் எவனும் இனி ஊருக்குள் இருக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார் ஜமீன்தார் மருதப்பர். மாட்டுத்தொழுவம் கூட்டும் சடைச்சியைக் கூப்பிட்டு, "எல்லாரு வாயையும் மோந்து பாரு. ஒருத்தனை விட்டாலும் உனக்கும் ஊர்ல இடமில்லை" என்றார்.

ஊரே வரிசையில் நின்றது. ஜமீன்தார் ஆவல் தாங்காமல் அவள் கூடவே வந்து, தோளருகே குனிந்து, "வாடை வருதா?" என்று கேட்டார்.

"வருது சாமி."

அடுத்த ஆளிடமும் வந்தது. பச்சைத்தண்ணீர் தவிர எதையும் தொடாத பூசாரியிடமும் வந்தது. கூட்டம் கொதித்தது.

"பூசாரியுமா? நல்லாப் பார்த்துச் சொல்லு."

சடைச்சி கைகூப்பினாள். "நீங்க கேட்கும்போதுதான் சாமி வருது. கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு நில்லுங்க, பார்த்துச் சொல்றேன்."

எழுந்த சிரிப்பில் ஜமீன்தார் வாய் திறக்காமலே அரண்மனைக்குள் போனார். ஊரைவிட்டு ஒருவரும் போகவில்லை.