இருபத்திரண்டு வயது உத்தரவு

முன்னொரு காலத்தில் பொன்மணல் என்கிற நாட்டை வீரகண்டன் என்ற அரசன் ஆண்டுவந்தான். இருபத்திரண்டு வயதில் முடி சூட்டிக்கொண்டவன். சண்டைகளை முடித்தான், ஏரிகளை வெட்டினான், ஒரே மகளை அக்கரை மலைநாட்டு இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்தான். நாற்பத்தெட்டு வயதில் ஒரு நாள் காலை கண் விழித்தவனுக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

வைத்தியர் ஓடிவந்து நாடி பிடித்தார். "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது அரசே!"

"அதுதான் ஐயா என் வியாதியே" என்று அரசன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பத்து நாள் கழித்துச் சபைக்கு வந்தவன், "எனக்கு இந்த முடி வேண்டாம். காட்டுக்குப் போகிறேன்" என்றான். சபையே திகைத்தது. அரசியின் தம்பி சிங்கராயன் மட்டும், "மாமா, உங்கள் இஷ்டம்தான் எங்கள் இஷ்டம். பாரத்தை என் தலையில் வையுங்கள்" என்று உடனே தலையை நீட்டினான். அத்தனை காலமும் அமைச்சர் கார்மேகத்தின் பேச்சுக்கு அரசன் தலையாட்டுவதைப் பார்த்து வயிறெரிந்தவன் அவன்.

அன்று மாலை கார்மேகம் அரசனைத் தனியே பார்த்தார்.

"என்ன குறை அரசே?"

"குறை இருந்தால் சொல்ல மாட்டேனா? அதே விடியல், அதே சாப்பாடு, அதே முகங்கள். வாலிபனும் இல்லை, கிழவனும் இல்லை. செக்குமாடு மாதிரி சுற்றுகிறேன், அமைச்சரே. சிரிக்காதீர்கள்."

"சிரிக்கவில்லை. எனக்கு ஐம்பத்தொன்று ஆகிறது" என்றார் கார்மேகம்.

பிறகு அவர், "தாராளமாகப் போங்கள். ஆனால் முடியைக் கொடுப்பவர், வாங்குபவரைக் கூட்டிக்கொண்டு அரண்மனையைச் சுற்றிக் காட்டி, கண்ணில் படுவதையெல்லாம் விளக்க வேண்டும். அது பழைய வழக்கம்" என்றார். அந்தப் பழைய வழக்கம் அப்போதுதான் அவர் வாயில் பிறந்தது. அரசனுக்கு அது தெரியாது.

மறுநாள் காலை மூவரும் கிளம்பினார்கள். முதலில் மடைப்பள்ளி.

"இது சமையல் செய்யும் இடம். இந்த அம்மாள்தான் எனக்குச் சமைப்பவர்" என்றான் அரசன்.

"பெயர்?" என்றார் கார்மேகம்.

அரசன் விழித்தான். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, "சிவகாமி மகாராசா. பத்தொன்பது வருசமா ஆக்கிப் போடறேன்" என்றாள்.

"அப்படியா! தவறாக நினைக்காதே அம்மா, உன் சமையலில் ஏன் உப்புமில்லை, உறைப்புமில்லை?"

"ஐயோ, நீங்க போட்ட உத்தரவுதானே! நான் வந்த வருசம் உங்களுக்கு வயித்துப்புண்ணு. உப்பு, காரம், புளி கூடாதுன்னீங்க. புண்ணு ஆறினப்புறம் யாரும் மாத்திச் சொல்லலியே."

அடுப்பில் வேலையாட்களுக்கான மிளகுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அரசன் நின்றபடியே அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் போட்டான். கண்ணில் நீர் கொட்டியது. இன்னொரு வாய் கேட்டான்.

சிங்கராயன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாமா, மடைப்பள்ளி எனக்கெதற்கு? நேரே சிங்காதனத்துக்குப் போவோம்" என்றான்.

போகிற வழியில் மேல்மாடத்தில் ஒரு பெரிய ஜன்னல், குறுக்கே பலகைகள் அறைந்து கிடந்தது. "இது ஏன் மூடியிருக்கிறது?" என்று கார்மேகம் கேட்டார். அரசனுக்கு நினைவில்லை. காவல்காரர்தான் சொன்னார்: "முடி சூட்டின வருசம் நீங்கதான் அறையச் சொன்னீங்க. அக்கரை மலைநாட்டான் அப்போ நமக்கு எதிரி. அம்பு வரும்னு பயம்."

"எதிரியா? அவர் என் சம்பந்தி ஐயா!"

"அது எனக்கும் தெரியும், மகாராசா. ஆனா உத்தரவு உத்தரவுதானே."

பலகைகளைப் பெயர்த்தார்கள். காற்று குபீரென்று உள்ளே வந்தது. கீழே ஆறு. அக்கரையில் மலை. மலைச்சரிவில் வெள்ளையாக ஒரு மாளிகை.

"அது..." என்றான் அரசன்.

"உங்கள் மகள் வீடு" என்றார் கார்மேகம்.

அரசன் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். "இத்தனை வருஷமும் யார் என்னை அடைத்து வைத்திருந்தது, அமைச்சரே?"

"இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒருவர், அரசே. அவருக்கு அப்போது அது சரி. அவர் போட்ட உத்தரவுக்கு நாற்பத்தெட்டு வயதுப் பெரியவர் நீங்கள் இன்னும் கட்டுப்பட்டு நடக்கிறீர்கள். வேண்டாதது முடியா, பழைய உத்தரவா என்று பார்த்துவிட்டுக் காட்டுக்குப் போங்கள்."

சிங்கராயனுக்குப் பொறுக்கவில்லை. "ஜன்னலாவது குழம்பாவது! எனக்கு இங்கே எல்லாம் தெரியும். முடியை மட்டும் கொடுங்கள்."

அரசன் மெல்லத் திரும்பினான். "எல்லாம் தெரியுமா? எனக்கு இந்த வியாதி வர இருபத்தாறு வருஷம் ஆயிற்று, மைத்துனரே. உமக்கு முடி சூட்டும் முன்னே வந்துவிட்டது. நாளையிலிருந்து ஊர் ஊராக நடந்து போம். ஊருக்கு ஒருவரிடமாவது அவர் கதையைக் கேட்டு வந்து எனக்குச் சொல்லும்." சிங்கராயன் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் போனான், முடி கிடைக்காவிட்டாலும் தலை தப்பியதே!

அரசன் காட்டுக்குப் போகவில்லை. ஒரு மாதம் உட்கார்ந்து பழைய உத்தரவுகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டான். பாதியைக் கிழித்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி படகேறி மகள் வீட்டுக்குப் போய்வந்தான். சில காலைகள் பழையபடி கனக்கத்தான் செய்தன. அன்றைக்கெல்லாம் மடைப்பள்ளிக்குப் போய்ச் சிவகாமியிடம் பேசிக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் நிறைந்த சபையில், "கார்மேகம், என்ன வேண்டுமோ கேளும்" என்றான்.

"இரண்டு மாத விடுப்பு, அரசே. கல்யாணமான புதிதில் 'இப்போது நேரமில்லை' என்று வீட்டில் ஒரு உத்தரவு போட்டேன். அது இன்னும் அமலில் இருக்கிறது. என் மனைவிக்குக் கடல் பார்க்க வேண்டுமாம்."

"கடலா! நானும் வருகிறேன்" என்று அரசன் துள்ளி எழுந்தான்.

கார்மேகம் கைகூப்பினார். "மன்னிக்க வேண்டும், அரசே. அவள் என்னை மட்டும்தான் கூப்பிட்டாள்."

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு அரசனைப் பார்த்தது. அரசன் தொடையில் தட்டிச் சிரித்த சிரிப்பு அக்கரை மலைவரை கேட்டதாம்.