முதல் தோண்டித் தண்ணீர்

என்னால் பல வருடம் நம்ப முடியாமல் இருந்த கதை இது. சொன்னவர் தீர்த்தக் கிணற்றடியைப் பெருக்கும் சிவகாமியக்கா.

அந்தக் காலத்தில், ஆமைகள் வாய் ஓயாமல் பேசித் திரிந்தபோது, கடற்கரை மணலில் ஒரு நன்னீர்க் கிணறு இருந்தது. அதில் குடியிருந்த ஆமை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும்: "விடியலில் இறைக்கும் முதல் தோண்டித் தண்ணீர்தான் நோய் தீர்க்கும். மற்றதெல்லாம் வெறும் தண்ணீர்."

ஆகவே தினமும் தள்ளுமுள்ளு. முந்தியவர் தன் தலையில் ஊற்றிக்கொள்வார். குணமாகாவிட்டால், "எவனோ எனக்கு முன்னே இறைத்துவிட்டான்" என்று எல்லோரையும் ஏசிவிட்டுப் போவார்.

செவந்தி எட்டு நாளாகக் காத்துக் கிடந்தாள். பிள்ளை பெற்ற பிறகு அவள் விரல்கள் மரத்து மடங்கிவிட்டன. குழந்தையை நாத்தனார்தான் தூக்கினாள். அது இப்போது நாத்தனாரைப் பார்த்துத்தான் சிரிக்கிறது. ஒன்பதாம் நாள் வரிசையில் முதல் ஆள் செவந்தி. ஆனால் கயிறு கையில் நிற்கவில்லை.

பின்னால் பார்வையிழந்த உப்பு வியாபாரி காளத்தி நின்றார். "தாயி, தண்ணி இறைக்கிறியா, கயித்தைத் தாலாட்டுறியா?"

"கண்ணுக்கும் சேர்த்து வாய் வேலை செய்யுது உங்களுக்கு! எனக்குக் கை வராது அண்ணாச்சி. நீங்களே இறைச்சு ஊத்திக்குங்க." கயிற்றை அவர் பக்கம் தள்ளிவிட்டு ஒதுங்கினாள்.

காளத்தி இறைத்தார். தோண்டி மேலே வந்தது. தன் தலையில் கவிழ்த்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? தலைவரை தூக்கியவர் கீழே இறக்கினார்.

"உன் முறையில நான் குளிச்சேன்னு தெரிஞ்சா வீட்டுல எனக்குச் சோறு கிடையாது. கையை நீட்டு."

தண்ணீர் பட்டதும் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. செவந்தி மறுகணமே தோண்டியை வாங்கிக் கிணற்றில் விட்டாள்.

"அது ரெண்டாவது! வெறும் தண்ணி!" என்று ஆமை கத்தியது.

அவள் காதில் வாங்கவில்லை. இறைத்தாள், அவர் தலையில் ஊற்றினாள். காளத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இம்மாத்தூண்டு ஆமையா இத்தனை சத்தம் போட்டுச்சு!"

ஆமை தவித்துப்போனது. "முதன்முதலில் ஒருத்தி விடியலில் முதல் தோண்டியைத் தன் மாமியாருக்கு ஊற்றினாள், குணமானது. யார் யாருக்கு ஊற்றினார் என்று பார்க்காமல், எத்தனையாவது தோண்டி என்று பார்த்துவிட்டேனே!" வெட்கம் தாங்காமல் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

அன்று முதல்தான் ஆமை பேச்சை விட்டது. ஆளைக் கண்டால் தலையை இழுக்கிறது. சிவகாமியக்கா பெருக்கும் அந்தக் கிணற்றடியில் இன்றும் எவரும் தனக்குத் தானே ஊற்றிக்கொள்வதில்லை. பின்னால் நிற்பவர்தான் ஊற்ற வேண்டும்.

வரிசையில் என்றைக்கும் கடைசி ஆள் சிவகாமியக்கா. கதை மெய்தானா என்று கேட்கப் போன இடத்தில் என் வாயில் வந்தது வேறு:

"உங்களுக்குப் பின்னால் ஆள் இல்லையே அக்கா. உங்களுக்கு யார் ஊற்றுகிறார்கள்?"