மரநாயின் மஞ்சள் கழுத்து

மேகம் இறங்கி வந்து மரத்துக்கு மரம் உட்கார்ந்துவிட்டுப் போகும் ஒரு மலைக்காட்டில் ஒரு மரநாய் இருந்தது. கருத்த முதுகு, அதைவிடக் கருத்த நீண்ட வால். கழுத்தின் கீழ்ப்புறம் மட்டும் பளீரென்று மஞ்சள். நாவல் மரப் பொந்து ஒன்றில் மூன்று குட்டிகளோடு அது குடியிருந்தது.

மரநாய்க்குத் தன் வாலைப் பிடிக்கும். கழுத்தைப் பிடிக்காது. காரணம் கீரி.

அந்தக் காட்டில் கீரிக்குத் தெரிந்த ஒரே தொழில் கேலி செய்வது. மரநாயைக் கண்டால் போதும், தொடங்கிவிடும்.

"என்னக்கா, இன்னிக்கும் குழம்பைச் சிந்திட்டியா? துடைச்சுட்டு வெளியே வரக்கூடாதா?"

மரநாய் ஈரப் பாசியில் கழுத்தைத் தேய்த்துப் பார்த்தது. மரப்பட்டையில் உரசிப் பார்த்தது. மஞ்சள் போகவில்லை, கொஞ்சம் கூடுதலாக மின்னியது. அன்றிலிருந்து தாடையைக் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு, தரையில் எதையோ தொலைத்துவிட்டதுபோல நடக்கத் தொடங்கியது.

ஒரு நாள் காலையில் அந்தக் காட்டுக்கு இரண்டு மனிதர்கள் வந்தார்கள். ஒருத்தி கோதாவரி, வேட்டையாடித் தின்னும் சின்னச் சின்ன விலங்குகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். அவளுக்கு வழி காட்டியவர் கேத்தன். அந்த மலையிலேயே பிறந்தவர். எச்சத்தைப் பார்த்தே யார் எதைத் தின்றார்கள் என்று சொல்லிவிடுவார். இருவரும் ஒரு மரத்தில் பச்சைப் பெட்டி ஒன்றை வாரால் கட்டினார்கள். முன்னால் எது அசைந்தாலும் தானாகவே படம் எடுக்கும் பெட்டி அது. எதிர்மரத்துக் கிளையிலிருந்து கயிற்றில் ஒரு மீனைத் தொங்கவிட்டார்கள். தினமும் காலையில் கேத்தன் வந்து புது மீன் கட்டிவிட்டுப் போவதாக ஏற்பாடு.

மேலே உட்கார்ந்து அவர்கள் பேச்சு அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தது சிரிப்பான் குருவி. அதற்கு ஒரு பழக்கம்: எந்தச் செய்தியையும் சிரித்துவிட்டுத்தான் சொல்லும்.

"ஹிஹிஹி! ரோடு வருது!" என்றபடி நாவல் மரத்துக்குப் பறந்து வந்தது.

"என்ன ரோடு?" என்றது மரநாய்.

"மலைக்கு அந்தப் பக்கம் பங்களா கட்டறாங்களாம். அதுக்கு ரோடு. இந்த நாவல் மரத்து மேலேதான் போகுதாம். ஹிஹி!"

"என் பொந்து?"

"பொந்து, மரம், எல்லாம் போச்சு. ஆனா ஒண்ணு. இங்க மரநாய் இருக்குன்னு அந்தப் பெட்டி காட்டிட்டா, ரோட்டை வேற பக்கம் திருப்பிடுவாங்களாம். உங்க ஆளுங்க ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சமாம். இருபது நாளைக்குப் பெட்டி இருக்கும்."

"அவ்வளவுதானே? நான் போய் நிக்கறேன்."

கீழே போய்க்கொண்டிருந்த கீரி நின்றது. "போக்கா, போ. பட்டணத்துல பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் படத்தைப் பார்ப்பாங்க. குழம்புக் கழுத்தோட போய் நில்லு."

மரநாய் யோசித்தது. அந்த மீனைக் கீழேயிருந்து எடுக்க வேண்டுமென்றால் பின்னங்காலில் எழுந்து நின்று, தலையை அண்ணாந்து, எக்கிப் பிடிக்க வேண்டும். கழுத்து முழுவதும் தெரிந்துவிடும். வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்கிறார்களோ?

வேண்டுமென்றேதான் கட்டியிருந்தார்கள். ஆனால் எதற்கென்று மரநாய் கேட்டுக்கொள்ளவில்லை.

அது பின்பக்கமாக மரமேறியது. கிளையில் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கயிற்றை மேலே இழுத்து மீனைத் தின்றது. வாலை மட்டும் பெட்டிக்கு நேரே முழு நீளத்துக்குத் தொங்கவிட்டு, இப்படியும் அப்படியும் ஆட்டியது.

'கிளிக்' என்றது பெட்டி.

"வால் நல்லா விழுந்திருக்கும்" என்று மரநாய் திருப்தியோடு வீட்டுக்குப் போனது. மறுநாளும் வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. வருவதற்கு முன் வாலை நக்கி நக்கிச் சீவிக்கொண்டது.

கீரி சும்மா இருக்குமா? பெட்டிக்கு முன்னால் வந்து வலப்பக்கம் காட்டியது, இடப்பக்கம் காட்டியது, கடைசியில் கிட்டே வந்து பல்லைக் காட்டியது. தின்பதைத் தவிர வேறு எதிலும் அக்கறையில்லாத புனுகுப்பூனை, பொழுது சாய்ந்தபின் வந்து மிச்ச மீனைத் தின்றுவிட்டுப் பெட்டிக்கு எதிரிலேயே மல்லாந்து தூங்கியது.

இருபதாம் நாள் கோதாவரியும் கேத்தனும் வந்தார்கள். கோதாவரி ஒரு பாறையில் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"கீரி. கீரி. மறுபடி கீரி. இது என்ன? கீரியோட பல்லு. இது புனுகுப்பூனை வயிறு. அடுத்ததும் வயிறு."

"மேடம், இந்த வாலைப் பாருங்க" என்றார் கேத்தன்.

"பட்டணத்துல இருக்கறவங்க மலையணில்னுதான் சொல்லுவாங்க."

"அணிலு எங்கயாவது மீன் திங்குமா? மரநாய் மேடம். சின்னப் புள்ளையிலேருந்து பாக்கறேன்."

"எனக்கும் தெரியுது, கேத்தன். ஆனா கழுத்து மஞ்சள் எங்கேன்னு கேப்பாங்களே. ஒவ்வொரு மரநாய்க்கும் அந்த மஞ்சள் ஒவ்வொரு மாதிரி. நமக்குக் கைரேகை மாதிரி. அது தெரியணும்னுதானே மீனை அவ்வளவு உயரத்துல கட்டினோம்? வெறும் வாலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"அப்போ என்ன எழுதுவீங்க?"

"மலையணில்னு எழுதி, பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடுவேன்." அவள் எழுந்தாள். "பெட்டியைக் கழட்டுங்க. ஜீப் காத்துக்கிட்டிருக்கு."

சிரிப்பான் நாவல் மரத்துக்குப் பறந்தது.

"ஹிஹிஹி! நீ அணிலாம்!"

"யாரு?"

"நீதான்! கழுத்தைக் காட்டினாத்தான் மரநாயாம். அந்த மஞ்சளுக்காகத்தான் இருபது நாளா மீன் கட்டினாங்களாம். பெட்டியைக் கழட்டறாங்க. ஹிஹி!"

மரநாய் பொந்துக்குள் பார்த்தது. மூன்று குட்டிகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தூங்கிக்கொண்டிருந்தன.

அது கிளையிலிருந்து குதித்து ஓடியது. வழியில் கீரி.

"என்னக்கா, ஆளுங்க நிக்கற இடத்துக்கா? அந்தக் கழுத்தோடயா?"

மரநாய் கீரியின் தலைக்கு மேலாகத் தாவிப் போனது.

போய்ச் சேர்ந்தபோது பெட்டி பைக்குள் போய்விட்டது. கயிறு வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. மனிதர்களிடமிருந்து ஐந்தே அடி தூரத்தில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. மரநாய் அதன்மேல் ஏறியது. பின்னங்கால்களில் எழுந்து நின்றது. தலையை வானத்தைப் பார்த்து நிமிர்த்தியது.

மஞ்சள் முழுவதும் வெயிலில் தெரிந்தது.

கேத்தன்தான் முதலில் பார்த்தார்.

"மேடம், அசையாதீங்க" என்றார் மெதுவாக. "அணிலு வந்திருக்கு."

கோதாவரி திரும்பினாள். கழுத்தில் தொங்கிய கேமராவை எடுத்தாள். வார் துப்பட்டாவில் மாட்டிக்கொண்டது.

"எடுங்க, மேடம்."

"எடுக்கறேன், எடுக்கறேன்." நாலு முறை அழுத்தினாள். "ஐயோ, ஒரே இருட்டா இருக்கே!"

"மூடி, மேடம்."

"என்னது?"

"கேமரா மூடி. கழட்டலை."

மரநாய்க்குக் கழுத்து வலித்தது. மூக்கின்மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. ஓடிவிடலாம் என்று நான்கு கால்களும் கெஞ்சின. மரநாய் நின்றது. பிறகு 'கிளிக், கிளிக்' என்று சத்தம் கேட்கத் தொடங்கியதும், கழுத்தை வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் திருப்பிக் காட்டியது. சத்தம் நின்ற மறுகணம் புதருக்குள் பாய்ந்து மறைந்தது.

கோதாவரி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அது சேறு. அவளுக்குத் தெரியவில்லை. கேத்தனும் சொல்லவில்லை.

ஒரு மழைக்காலம் போனது. கேத்தன் பாதையில் நின்று யாருடனோ போனில் பேசியதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பான் பறந்து வந்தது.

"ஹிஹிஹி! ரோடு இந்தப் பக்கம் வரலையாம்! மலையைச் சுத்திக்கிட்டுப் போகுதாம்! அந்தக் கழுத்துப் படத்தை எல்லாரும் பார்த்தாங்களாம்!"

"என்னைப் பத்தி என்ன எழுதியிருக்காங்க?" என்றது கீரி. "என் படம்தானே நிறைய?"

"ஒரே ஒரு வரி இருக்காம்."

"சொல்லேன்."

"'கீரிகளும் உண்டு.'"

அன்று முழுவதும் கீரி யாரையும் கேலி செய்யவில்லை. மறுநாள் மறுபடியும் தொடங்கிவிட்டது. ஆனால் மரநாயின் காதில் அது விழவில்லை. குட்டிகளுக்குக் கிளைவிட்டுக் கிளை தாவக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது. கடைசிக் குட்டி பயந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தது.

"தலையை நிமித்து" என்றது மரநாய். "அப்பத்தான் அடுத்த கிளை தெரியும்."

நீதி: பிறர் கேலிக்குப் பயந்து நாம் மறைத்து வைப்பதே, நாம் யாரென்று சொல்லும் ஒரே அடையாளமாக இருக்கலாம்.